கருவி வாங்கப் போகுமுன் வாசலை அளந்துவிடுங்கள்

என் தம்பி ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது, சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியிலிருந்து விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஐந்தாவது மாதம் ஒரு முகாமில் அவனுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். வாடகை வண்டி பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வீட்டு முன்னால் இறக்கினால் நாற்காலி வாசலுக்குள் நுழையவில்லை. உட்காரும் இடம் 18 அங்குலம். இரண்டு பக்கச் சக்கரத்தையும், கையால் பிடித்துச் சுற்றும் தள்ளுவளையத்தையும் சேர்த்தால் 26. எங்கள் வாசல் 24.

அந்த நாற்காலி 11 மாதம் திண்ணையில் நின்றது. அதன் மேல் காபிக்கொட்டை மூட்டையை வைத்தோம். தம்பி உள்ளே பாயில் கிடந்தான், படுக்கைப்புண் வந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அவர்களும் அளக்கவில்லை, எங்களுக்கும் அளக்க வேண்டும் என்று தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகில் 250 கோடிப் பேருக்குக் கண்ணாடி, காது மெஷின், சக்கர நாற்காலி என்று ஏதாவது ஒரு உதவிக் கருவி தேவை. அவர்களில் சுமார் 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று அது சொல்கிறது. சில ஏழை நாடுகளில் தேவைப்படுகிறவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் கிடைக்கிறதாம். நம் பக்கம் நிலைமை அவ்வளவு மோசமில்லை, திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் கிடைத்த கருவி மூலையில் கிடப்பதை நான் வீடு வீடாகப் பார்த்துவிட்டேன். தம்பிக்காக அலைந்ததில் கற்றுக்கொண்டதை, சேலத்திலோ ஏற்காட்டிலோ இப்போதுதான் இந்த நிலைமைக்குள் வந்திருக்கும் குடும்பங்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு நாளை எழுதுங்கள்

கருவியின் பெயரை எழுத வேண்டாம். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை, கருவி தேவைப்படுகிறவர் என்னென்ன செய்ய விரும்புகிறார், எங்கே தடங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவரையே சொல்லவிட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் "அவனுக்கு வண்டி வேணும்" என்று பேசிக்கொண்டிருந்தோம். அவனைக் கேட்டபோது, "நானா கக்கூஸ் போகணும்" என்றான். அது நாற்காலியால் மட்டும் தீருகிற காரியமில்லை.

இப்படி எழுதும்போது சில வேலைகளுக்கு அரசு அலுவலகம் பக்கமே போக வேண்டியதில்லை என்று தெரியும். கழிப்பறையில் இரண்டு இரும்புக் குழாயைச் சுவரில் பதித்தால் பிடித்து எழலாம். கை இறுகிப் பிடிக்க முடியாதவர்களுக்குக் கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் போதும். நடை பழக வாசலில் இரண்டு மூங்கிலை இடுப்பு உயரத்தில் இணையாகக் கட்டலாம். சேலத்தில் வெல்டிங் பட்டறைக்கும் லேத்துக்கும் பஞ்சமில்லை. நடுவில் ஓட்டை போட்ட கழிப்பறை நாற்காலியை ஒரு நாளில் செய்து தருகிற ஆள் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

தொழிலையும் எழுதுங்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டியவருக்குக் கால் போனால் அவருக்கு வேண்டியது குழித்தறிக்குள் இறங்கி ஏற ஒரு வழி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவருக்குத் தரையில் சம்மணமிட்டு உட்காரும்படியான செயற்கைக் கால் வேண்டும். 1968இல் உருவான ஜெய்ப்பூர் கால் நம் நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணமே, அதைப் போட்டுக்கொண்டு குந்தவும் வெறுங்காலோடு நடக்கவும் முடிந்ததுதான். எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்று அளவெடுப்பவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது: டேப் எடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். வீட்டில் அளக்க வேண்டியவை: எல்லா வாசல்களின் அகலம், கதவு திறந்த நிலையில், வாசற்படிகளின் உயரம், கழிப்பறையின் உள்ளகலம், கட்டில் உயரம். வீட்டிலிருந்து ரோடு வரை வழி எப்படி இருக்கிறது என்று போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலைக் கிராமத்துக்காரர்களுக்கு இது மிக முக்கியம். கீழே சமதரையில் இருப்பவர்களிடம் "சரிவு, ஜல்லி, மழையில் சேறு" என்று வாயால் சொன்னால் புரிவதில்லை. வீடியோவைக் காட்டினால் அப்படியே புரியும்.

படிக்குப் பதிலாகச் சாய்தளம் கட்டுவதானால் ஒரு கணக்கு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். 6 அங்குலப் படிக்கு 6 அடிச் சாய்தளம். கொத்தனார் "அவ்வளவு எதுக்கு, 2 அடி போதும்" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். 2 அடியில் கட்டினால் யாராவது தள்ளாமல் ஏற முடியாது, இறங்கும்போது குப்புற விழ வேண்டிவரும்.

சக்கர நாற்காலிக்கு உடம்பில் நான்கு அளவு. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அதிகபட்ச அகலம்; இருக்கை அதை ஒட்டி இருக்க வேண்டும். பின்புறத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை தொடை நீளம். இருக்கையின் ஆழம் இதைவிட 3 முதல் 6 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும், ஆள் சரிந்து உட்காருவார். முழங்காலின் உட்பக்கத்திலிருந்து குதிகால் வரை. கால்மிதியின் உயரம் இதை வைத்துத்தான். அப்புறம் இருக்கையிலிருந்து முதுகின் எந்த உயரம் வரை தாங்கல் வேண்டும் என்பது. தானே தள்ளிக்கொள்கிறவருக்கு முதுகுச் சாய்வு தோள்பட்டை எலும்பை இடிக்கக் கூடாது. தம்பியின் இடுப்பு 14 அங்குலம். 18 அங்குல நாற்காலியில் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பான், வாசல் நுழைந்திருந்தாலும்.

மூன்றாவது: சான்றும் அட்டையும்

யுடிஐடி கார்டு என்கிற தனித்துவ அடையாள அட்டை இல்லாமல் எந்தத் திட்டத்திலும் நகர முடியாது. ஸ்வாவ்லம்பன் கார்டு என்ற மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, ஆஸ்பத்திரிக் காகிதங்கள் போதும். பரிசோதிக்கும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உங்களுக்கு வசதியானதைப் பார்த்துப் போடுங்கள். சேலம் மாவட்டத்தில் பெரிய இடம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்தக் குறைபாட்டுக்கு எந்தக் கிழமை டாக்டர் பார்ப்பார் என்று முன்பே கேட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்குங்கள். நாங்கள் கேட்காமல் போய் ஒருமுறை சும்மா திரும்பினோம். நடக்க முடியாத ஆளை மலை ஏற்றி இறக்குவது சாதாரண விஷயமில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. தாலசீமியா, அரிவாள் செல் நோய், பார்கின்சன், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் உண்டு. "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் நின்றுவிடாதீர்கள். பெரும்பாலான திட்டங்களுக்குச் சான்றில் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். போட்ட சதவீதம் சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது.

குழந்தை விஷயத்தில் மட்டும் அட்டைக்காகக் காத்திருக்கவே கூடாது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, கழுத்து நிற்காத குழந்தை, வயதுக்கேற்ப உட்காராத குழந்தை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டு உடனே போங்கள். காது கேளாத குழந்தைக்குக் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் என்றுதான் இருக்கிறது. பேச்சு வளர்கிற வயது கடந்துவிட்டால் கருவி வைத்தாலும் பலன் குறைவு. "எங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு ஒரு வருடம் போனால் அந்த வருடம் திரும்பி வராது.

நான்காவது: எந்தக் கதவைத் தட்டுவது

சேலம் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள். மாநில அரசின் திட்டங்கள் இந்த அலுவலகம் வழியாகத்தான் வரும்: சக்கர நாற்காலி, மூன்று சக்கர சைக்கிள், பேட்டரி நாற்காலி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், காலிபர் என்கிற கால் தாங்கி, செயற்கைக் கால், காதொலிக் கருவி, மடக்குக் குச்சி, பிரெய்ல் கைக்கடிகாரம், மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான தனி நாற்காலி, பார்வை அல்லது செவித்திறன் குறைந்தவர்களுக்கான கைபேசி என்று பட்டியல் நீளம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு 1981 முதல் நடத்தும் உதவி உபகரணத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. ஏடிஐபி என்பார்கள். கான்பூரில் இருக்கும் அலிம்கோ என்ற அரசு நிறுவனம் இதற்கான கருவிகளைச் செய்கிறது. முதலில் அளவெடுக்கும் முகாம், அப்புறம் சில மாதம் கழித்து வழங்கும் முகாம் என்று இரண்டாக நடக்கும். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழுச் செலவும், 30,000 வரை என்றால் பாதியும் அரசு ஏற்கும்.

இந்தத் திட்டத்தில் ஒரு விதியை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கடந்த 3 ஆண்டுகளில் அரசிடமோ தொண்டு நிறுவனத்திடமோ அதே தேவைக்கு உதவி பெற்றிருக்கக் கூடாது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 1 ஆண்டு. அதாவது, இன்று பொருந்தாத ஒன்றை "கிடைச்சவரை லாபம்" என்று வாங்கி வந்தால், பொருந்துவதைக் கேட்க 3 ஆண்டு வாய் திறக்க முடியாது. எங்களுக்கு அதுதான் ஆனது. இடையில் ஒரு பழைய நாற்காலியை வாங்கி, பட்டறையில் அகலம் குறைத்து ஓட்டினோம். ஆகவே முகாமில் பொருந்தாததை "வேண்டாம், இந்த அளவில் வேண்டும்" என்று சொல்லத் துணிய வேண்டும். வரிசையில் நின்று களைத்துப்போன நேரத்தில் அதைச் சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும். அதனால் மனுவிலேயே எழுதிவிடுங்கள்: "எனக்கு இடுப்பு அகலம் 14 அங்குலம், வீட்டு வாசல் 24 அங்குலம், வீடு மண் சரிவில் உள்ளது, காற்றடைத்த டயர் கொண்ட நாற்காலி தேவை." இப்படி எழுதிய மனுவை யாரும் பொத்தாம்பொதுவாகக் கையாள முடியாது.

பள்ளிக்குப் போகும் வயதுக் குழந்தை என்றால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ளடக்கிய கல்விப் பிரிவின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளை வீட்டுக்கே வந்து பார்ப்பதும் அவர்கள் வேலையில் சேர்ந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிந்தால் ஒருமுறை வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் போய் வாருங்கள். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் கால் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அந்த மையம் அவர் முயற்சியில் வளர்ந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்ப் பையைப் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். தம்பி தன்னைப் போன்ற இருபது பேரை ஒரே இடத்தில் பார்த்தது அங்கேதான். அன்றிரவு நிறையப் பேசினான்.

கருவி கைக்கு வந்ததும்

வாங்கிய இடத்திலேயே அரை மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். கையெழுத்து அப்புறம் போடலாம்.

நாற்காலி என்றால் பிரேக் பிடிக்கிறதா, முன்சக்கரம் சுற்றும்போது காலில் இடிக்கிறதா, மெத்தை இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தை இல்லாத நாற்காலி உணர்வில்லாத உடம்புக்கு ஆபத்து. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தைப் போட்டு உட்கார வைப்பார்கள், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அமுக்கிவிடும், வேண்டாம். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளவோ முன்னால் சாய்ந்துகொள்ளவோ பழக வேண்டும். தினமும் இரவு ஒரு கைக்கண்ணாடியால் பின்புறத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அமுக்கினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அந்த இடத்தில் பாரம் படாமல் படுக்க வேண்டும். தம்பியின் புண் ஆற ஏழு மாதம் ஆனது.

மலைச் சரிவில் இறங்கும்போது பின்னால் பிடித்திருப்பவர் நாற்காலியைத் திருப்பி, தான் முதலில் பின்னடி வைத்து இறங்க வேண்டும். நாற்காலியில் இருப்பவர் மேட்டைப் பார்த்தபடி இறங்குவார். முகத்தைப் பள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு தள்ளினால் ஒரு கல் போதும், தூக்கி எறிந்துவிடும். முன்சக்கரம் சிறியதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் சேற்றில் புதையும். அகலமான முன்சக்கரம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

செயற்கைக் கால் பற்றி: சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்கள் வலிக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்கிறார்கள். மூட்டு மடங்கியபடி இறுகிப்போகும், அப்புறம் கால் பொருத்துவது சிரமம். காலை நீட்டியே வையுங்கள், சொல்லிக்கொடுத்தபடி எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றுங்கள். முதல் சில மாதங்களில் எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே வரும். அதனால் செயற்கைக் காலில் அது நுழையும் குழி தளரும். "கால் கெட்டுப்போச்சு" என்று கழற்றிப் பரணில் போடாமல், காலுறை கூடுதலாகப் போட்டுப் பார்த்து, அதற்கும் மேல் தளர்ந்தால் குழியை மாற்றக் கேளுங்கள். இருக்கும் மற்றக் காலின் பாதத்தைத் தினமும் பாருங்கள்.

காது மெஷினைப் போட்ட முதல் நாளே எல்லாம் தெளிவாகக் கேட்டுவிடாது. பாத்திரச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் தலையை உடைக்கும். முதல் வாரம் அமைதியான அறையில் ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டிக்கொண்டு போங்கள். விசில் அடித்தால் பெரும்பாலும் காதுக்குள் பொருந்தும் அச்சு சரியாக உட்காரவில்லை. வளரும் குழந்தைக்கு அச்சை அடிக்கடி மாற்ற வேண்டும். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்து அப்புறம் போடுங்கள். உரித்ததை மறுபடி ஒட்டினாலும் பேட்டரி சேமிக்காது. ஏற்காட்டு மூடுபனி மெஷினுக்கு எதிரி. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, இறுக்க மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பார்வையில்லாதவர்களின் வெள்ளைக் குச்சி நெஞ்செலும்பின் அடி வரை உயரம் இருக்க வேண்டும். போன் வைத்திருக்கிறவர்கள் உள்ளேயே இருக்கும் கருவிகளை மறந்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக் திரையில் இருப்பதைத் தமிழில் படிக்கும்; லைவ் டிரான்ஸ்கிரைப் எதிரில் இருப்பவர் பேசுவதைத் தமிழ் எழுத்தாக்கித் திரையில் காட்டும். கணினித் திரையைப் படித்துச் சொல்ல என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம். பேரனையோ பேத்தியையோ ஒரு ஞாயிறு உட்கார வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ரிப்பேர்

கருவி கிடைத்த வாரமே உங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் நாற்காலியை ஓட்டிப்போய்க் காட்டுங்கள். இந்த டியூப் உன்னிடம் இருக்குமா, பஞ்சர் போடுவாயா, பேரிங் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். ஒரு டியூபும் ஒரு ஸ்பானரும் நாற்காலிப் பையிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அச்சுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, திருகுகளை முறுக்குவது. மலையில் ஐப்பசி மழைக்கு முன் பிரேக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தம்பிக்கு மூன்றாவது ஆண்டு முடிந்த பிறகு அளந்து வந்த நாற்காலி வாசலில் இரண்டு பக்கமும் ஓர் அங்குல இடம் விட்டு நுழைகிறது. மிளகுக் காலத்தில் எடைத் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறான். திண்ணையில் நின்ற பழைய நாற்காலியைச் சும்மா வைத்திருக்க மனசு வரவில்லை. இப்போது அது கீழே அடிவாரத்தில் ஒரு பெரியவரிடம் இருக்கிறது. அவர் இடுப்பு 17 அங்குலம், வாசல் 30. டேப்பைக் கொண்டுபோய் அளந்துவிட்டுத்தான் கொடுத்தோம்.